பல்பு எரிஞ்சாத்தானா?

சுத்துக்கேணி எங்கே இருக்கிறது என்று கேட்டால் புதுச்சேரிக்காரர்களிலேயே பலர் யோசிப்பார்கள். நகரத்திலிருந்து வடமேற்கே, தமிழக எல்லையை ஒட்டி இருக்கிற கிராமம். மண்ணாடிப்பட்டு கொம்யூன். சங்கராபரணித் தண்ணீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகிற வாய்க்காலுக்கு இந்த ஊர்ப் பெயர்தான் - சுத்துக்கேணி வாய்க்கால். எனக்கு அது அத்தை ஊர். முழுப் பரீட்சை லீவுக்குப் போய், கால் முட்டியைத் தேய்த்துக்கொண்டு திரும்பிய ஊர்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு வளைகாப்புக்காகப் போயிருந்தேன். அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் வரிசையாக நாலு பிளாஸ்டிக் வாளி. உள்ளே கருகருவென்று சேறு. அதன் மேல் ஒரு சாண் தண்ணீர். ஒவ்வொரு வாளியிலிருந்தும் இரண்டு ஒயர் எட்டிப் பார்த்தது.

"இன்னா மச்சான், வீட்டுக்குள்ளயே நண்டு வளக்குறியா?" என்றேன்.

"என்னைக் கேக்காதே. உன் மருமவளைக் கேளு" என்றான் அத்தை மகன். குரலில் ஒரு மாதச் சலிப்பு.

அவன் மகள் பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக இந்த ஏற்பாடு. "கரண்ட் மாமா. சமையக்கட்டுக் குப்பைலேருந்து கரண்ட்!" என்று ஓடி வந்தாள்.

வாய்க்கால் ஓரச் சேறு. பழைய டார்ச் பேட்டரியை உடைத்து எடுத்த கார்பன் குச்சிகள். வாளிக்கு ஒரு ஜோடி. ஒன்று சேற்றுக்கு அடியில், இன்னொன்று தண்ணீர் மட்டத்தில். தினம் கொஞ்சம் வடிகஞ்சி, மசித்த காய்கறித் தோல். அவ்வளவுதான் செலவு. மீட்டரை எடுத்து ஒரு வாளியில் வைத்துக் காட்டினாள். அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. "கஞ்சி ஊத்துனா ஏறுது மாமா. ரெண்டு நாள் பட்டினி போட்டா எறங்கிடுது" என்றாள். கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

நாலு வாளியையும் வரிசையாகக் கோத்தாள். ஒரு குட்டி சிவப்பு எல்.இ.டி. பல்பை மாட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

பல்பு எரியவில்லை.

"பாத்தியா? ஒரு மாசமா வீடெல்லாம் சேத்து நாத்தம். எரிஞ்சாலும் நாலு பேர்கிட்ட காட்டலாம். எரியாத பல்புக்கு எதுக்கு இவ்ளோ கூத்து? கொண்டுபோய் வாய்க்கால்லயே கொட்டு" என்றான் மச்சான்.

அந்தப் பெண் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏம்ப்பா... பல்பு எரிஞ்சாத்தானா?"

வளைகாப்பு கலகலப்பில் அந்தக் கேள்வி காணாமல் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை. புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் கூடவே வந்தது.

* * *

முதலில், அந்த வாளிக்குள் என்னதான் நடக்கிறது?

நீங்களும் நானும் சாப்பிடுகிறோம், மூச்சு விடுகிறோம். சாப்பாட்டிலிருந்து உடம்பு எலக்ட்ரான்களை உருவி எடுக்கிறது. வேலை முடிந்ததும் அந்த எலக்ட்ரான்களை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். நாம் ஆக்சிஜனிடம் இறக்குகிறோம். மூச்சு விடுவது என்பதே அதற்காகத்தான். சேற்றுக்கு அடியில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடையாது. அதில் சில வகைகள் மண்ணில் இருக்கிற இரும்புத் துருவிடம் எலக்ட்ரானை இறக்கி வைக்கக் கற்றுக்கொண்டவை. அங்கே ஒரு கார்பன் குச்சியை நட்டுவைத்தால், 'இதுவும் நல்லாத்தான் இருக்கு' என்று அதன் தலையில் இறக்கிவிடும். எலக்ட்ரான் ஒயர் வழியாக மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் இருக்கிற குச்சியில் ஆக்சிஜனைச் சந்திக்கிறது. ஒயரில் ஓடுகிற அந்த ஓட்டத்துக்குப் பெயர்தான் கரண்ட்.

சுருக்கமாக, சேற்றுக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும் ஓர் உயிர், ஒயர் வழியாக மூச்சு விடுகிறது. இதற்கு நுண்ணுயிர் மின்கலம் என்று பெயர்.

ரொம்பப் புதுசும் இல்லை. 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம்.சி.பாட்டர் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். 1931-ல் அமெரிக்காவில் பார்னெட் கோஹென் இதுபோன்ற கலங்களை அடுக்கி 35 வோல்ட் வரை கொண்டுவந்தார். கேட்க பிரமாதமாக இருக்கிறது அல்லவா? ஆனால், கிடைத்த கரண்ட் இரண்டு மில்லி ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 1987-ல் டெரெக் லவ்லி என்கிற அமெரிக்க விஞ்ஞானி, போடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து இரும்பிடம் மூச்சு விடுகிற ஜியோபாக்டர் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பிறகு இந்தத் துறை சூடு பிடித்தது.

நம் நாடும் சும்மா இல்லை. ஹைதராபாத்தில் இருக்கிற இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் எஸ்.வெங்கட மோகன் குழுவினர், கேன்டீனில் மீந்த சாப்பாட்டையே எரிபொருளாக வைத்து மின்சாரம் எடுத்த ஆய்வை 2011-ல் வெளியிட்டார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.எம்.காங்ரேகர் குழு, கழிவறையிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இயோனிஸ் இயரோபூலோஸ் குழு 2015-ல் சிறுநீரிலேயே விளக்கு எரியும் கழிவறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கூடாரங்களிலும் முகாம்களிலும், ராத்திரி இருட்டில் பயந்து பயந்து ஒதுங்குகிற பெண்களுக்கு அந்தச் சின்ன வெளிச்சம் எவ்வளவு பெரிய விஷயம்!

அதனால், சுத்துக்கேணித் தாழ்வாரத்தில் நடந்தது விளையாட்டு அல்ல. ஆனாலும் பல்பு எரியவில்லை. மீட்டர் அரை வோல்ட் காட்டும்போது அதிலிருந்து யாரும் கரண்ட்டை உறிஞ்சுவதில்லை. பல்பு உறிஞ்ச ஆரம்பித்ததும் வோல்ட் மடமடவென்று விழுந்துவிடுகிறது. வாயால் சொல்கிற பணக்காரனும் கைநீட்டிக் கேட்கும்போது இருக்கிற பணக்காரனும் ஒன்றல்ல என்பது மாதிரி.

* * *

நான் பி.காம். படித்தவன். எதைக் கண்டாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுதிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அன்று ராத்திரியும் எழுதிப் பார்த்தேன்.

என் வீட்டில் நாலு பேர். காய்கறித் தோல், காபித்தூள் சக்கை, மீந்த சோறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. இதில் முக்கால் பங்கு தண்ணீர். மீதிக் கால் கிலோவை முழுசாக எரிசக்தியாக மாற்ற முடிந்தால் ஏறக்குறைய ஆயிரம் கலோரி, அதாவது நம் மின்சார பில் கணக்கில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அது சொர்க்கத்தில் கிடைக்கிற கணக்கு. பூமிக்கு வருவோம்.

ஹைதராபாத் போயின்பள்ளி மார்க்கெட்டில் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து, அதில் மின்சாரம் தயாரிக்கிறார்கள் என்று 2021 ஜனவரியில் பிரதமரே வானொலியில் பாராட்டிப் பேசினார். பத்து டன் கழிவுக்கு 500 யூனிட். வகுத்துப் பார்த்தால் 20 கிலோவுக்கு ஒரு யூனிட். என் வீட்டு ஒரு கிலோவுக்கு இருபதில் ஒரு பங்கு. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ஐந்தரை மணி நேரம் எரியும். மோசமில்லை. ஆனால், இது பெரிய எந்திரம், பெரிய தொட்டி வைத்துச் செய்கிற சாண எரிவாயு முறை.

வாளிக்குள் இருக்கும் மின்கலம் எப்படி? கொஞ்சம் பெரிதாகக் கட்டியவற்றில் ஒரு கனமீட்டர் கொள்ளளவுக்குச் சில வாட் கிடைத்தாலே கொண்டாடுகிறார்கள். நாம் தாராளமாக இரண்டு வாட் என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டர் வாளி என்றால் 0.02 வாட். ஒரு நாள் முழுக்க, ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால் அரை வாட் மணி. ஒரு யூனிட் சேர்வதற்கு ஏறக்குறைய ஐந்தரை வருடம் ஆகும்!

அதாவது, இன்று கஞ்சி ஊற்ற ஆரம்பித்தால் அந்தப் பெண் காலேஜ் முடிக்கிற சமயத்தில் ஒரு யூனிட் கையில் இருக்கும். நீங்கள் எந்த ஊர் ரேட் போட்டாலும் டீக்கடையில் ஒரு கிளாஸ் டீக்குக் காணாது.

கணக்கைக் கூட்டிக் கீழே கோடு போட்டேன். நஷ்டம். மச்சான் சொன்னதுதான் சரி. வாய்க்காலில் கொட்டு.

ஆனால், கோடு போட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று தோன்றியது. கூட்டலில் இல்லை. எந்தப் பக்கத்தில் எழுதினேன் என்பதில்!

* * *

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். சொத்து வேறு, கடன் வேறு. சொத்து என்றால், 'இது எனக்கு என்ன சம்பாதித்துத் தரும்?' என்று கேட்கலாம். கடன் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அடைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக் குப்பையை நான் சொத்துப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதனால்தான், 'இதில் எவ்வளவு கரண்ட் வரும், எத்தனை ரூபாய் வரும்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கடன். சாம்பார் சாப்பிட்டது நான். முருங்கைக்காய் சக்கையைத் துப்பியது நான். அந்தச் சக்கை மண்ணாகிற வரை அந்தச் சாப்பாட்டுக் கணக்கு முடியவில்லை.

அடைக்காத கடன் காணாமல் போகாது. வேறு யாரோ அடைப்பார்கள். புதுச்சேரி நகரத்துக் குப்பை பல வருடங்களாகக் குரும்பாபேட்டில் போய்க் குவிந்தது. சென்னைக் குப்பை பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போய்க் குவிந்தது. அந்தந்த ஊர்க்காரர்கள் அந்தப் புகையையும் ஈயையும் சுவாசித்து நம் கடனை அடைத்தார்கள். கம்பெனிகள் சில சமயம் கடனை வேறொரு துணைக் கம்பெனிப் பெயரில் எழுதி, தன் கணக்கைப் பளபளவென்று காட்டும். நாம் ஏமாந்தோமே என்று பேப்பரில் படித்துக் கொதிப்போம். வாசலில் கோலம் போட்டுவிட்டு, குப்பைக் கவரைத் தெருமுனையில் வீசுகிறோமே, அது வேறு என்ன?

கடைக்காரரிடம் பாக்கியை அடைக்கப் போகிறவன், "அடைச்சா எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டால் ஊர் அவனை என்ன சொல்லும்? குப்பை விஷயத்தில் மட்டும் அதே கேள்வியைக் கூச்சமே இல்லாமல் கேட்கிறோம். 'கரண்ட் வருதா? கேஸ் வருதா? உரத்தை வித்தா எவ்வளவு?' எதுவும் வரவில்லையென்றால், 'அப்புறம் எதுக்கு சார் மெனக்கெடணும்?'

* * *

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. 'உபதேசம் நல்லா இருக்கு. ஆனா, மனுஷன் லாபம் இல்லாம அசைய மாட்டான். ஆசை காட்டினாத்தான் வேலை நடக்கும்.'

நியாயம்தான். பழைய பேப்பரை யாரும் குப்பையில் போடுவதில்லை. காரணம் சுற்றுச்சூழல் அக்கறை அல்ல, பழைய பேப்பர்காரரின் தராசு. பால் கவரைக் கழுவிக் காய வைத்து எடைக்குப் போட்ட அம்மாக்கள் எந்தக் கருத்தரங்குக்கும் போனவர்கள் அல்ல. காசு மனிதர்களை அசைக்கிறது, சந்தேகமே இல்லை.

ஆனால், காசுக்காக மட்டும் வந்தவன், காசு நின்றதும் போய்விடுவான். எடைக்கு எடுக்காத கண்ணாடிச் சில்லும், சானிட்டரி நாப்கினும், அழுகின தக்காளியும் என்ன ஆகின்றன? விலை இல்லாதது எல்லாம் ஒரே கவரில் ஒன்றாய் முடிச்சுப் போடப்பட்டு வெளியே போகிறது. லாபம் என்கிற வெளிச்சம் விழாத இடத்தில் நம் மனசாட்சிக்கும் கண் தெரிவதில்லை.

இன்னொன்று. குப்பையிலிருந்து மின்சாரம் என்ற ஆசை நம் நாட்டில் இன்று நேற்று வந்ததல்ல. 1987-ல் டெல்லி திமார்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். சோதனையாக 21 நாள் ஓடியது. அதோடு சரி. ஈரமும் மண்ணும் கலந்த நம் குப்பை, எதிர்பார்த்த சூட்டைத் தரவில்லை. 2003-ல் லக்னோவில் குப்பையை மட்க வைத்து 5 மெகாவாட் எடுக்கப் போகிறோம் என்று ஓர் ஆலை திறந்தார்கள். அதற்குத் தேவை தனியாகப் பிரித்த மக்கும் குப்பை. வந்ததோ எல்லாம் கலந்த குப்பை. அதுவும் படுத்துவிட்டது.

இரண்டு கதைக்கும் நீதி ஒன்றுதான். எந்த எந்திரம் வந்தாலும் சரி, வாளிக்குள் இருக்கும் பாக்டீரியாவே வந்தாலும் சரி, முதல் வேலையை அது செய்யாது. சமையலறை மேடையில் நின்றுகொண்டு இது இந்த வாளி, அது அந்த வாளி என்று பிரிக்கிற வேலை. அல்மித்ரா படேல் என்கிற பெண்மணி 1996-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு, அதன் விளைவாக 2000-ல் விதிகள் வந்தன. குப்பையைப் பிரித்துச் சேகரிக்க வேண்டும் என்று அப்போதே சொல்லியாயிற்று. 2016-ல் இன்னும் கறாராக, வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்னார்கள். விதிக்குக் குறைவில்லை. பிரிக்கிற கைக்கு ஐந்து பைசா லாபம் இல்லை. அதனால் அந்தக் கை நகரவில்லை. ஓர் ஆலையே நிற்பது, ஒரு வாழைப்பழத் தோலும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் ஒரே கவரில் போனதால்!

* * *

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊறுகாய் பாட்டில் கை தவறி உடைந்துவிட்டது. சில்லுகளைப் பொறுக்கி, பேப்பரில் சுற்றி, முந்தின நாள் சாம்பார் சாதம் இருந்த கவரிலேயே போட்டு முடிந்து வைத்தேன். வீட்டில் குழந்தைகள் காலில் குத்தக் கூடாதே என்ற அக்கறை. அந்தக் கவர் எங்கள் வாசலைத் தாண்டிய பிறகு யார் கையில் குத்தும் என்ற அக்கறை இல்லை.

மறுநாள் காலை, குப்பை வண்டியோடு வந்த அம்மா கவரைப் பிரித்தார். பிரிக்காமல் நாங்கள் கொடுத்ததால் அவர் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் ஆழமான வெட்டு. நான் பதறிப்போய்த் தண்ணீரும் துணியும் கொண்டு ஓடினேன். அவர் புடவைத் தலைப்பால் கையை அழுத்திக்கொண்டு சொன்னார்: "பரவால்ல சார். இது பழக்கம்தான்."

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். 'பழக்கம்' என்றாரே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை. என் கவனக்குறைவு இன்னொருவருக்குப் பழக்கமாகிற அளவுக்கு நாங்கள் எத்தனை பேர், எத்தனை வருடம் இதைச் செய்திருக்கிறோம்!

அன்றைக்கு நான் பாட்டில் சில்லைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, மேலே எழுதி வைத்திருந்தால் எனக்கு எந்தப் பல்பும் எரிந்திருக்காது. ஓர் உள்ளங்கை வெட்டுப்படாமல் இருந்திருக்கும். இதை எந்த யூனிட்டில் அளப்பீர்கள்?

காந்தி 1901-ல் கல்கத்தா காங்கிரசுக்குப் போனபோது கழிவறைகள் சகிக்க முடியாமல் இருந்தன. தொண்டர்களிடம் சொன்னார். அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். துடைப்பத்தை வாங்கி, தான் பயன்படுத்த வேண்டியதைத் தானே சுத்தம் செய்தார். மாநாட்டுக் கழிவறை முழுவதையும் அல்ல, தன் பங்கை. கடனை அடைப்பது என்றால் அதுதான்.

* * *

'அந்தக் காலத்துல கிராமத்துல குப்பையே கிடையாது சார்' என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் அன்று அத்தையிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அரிசி களைஞ்ச தண்ணி, காய்த் தோலு எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போவும். மாடு குடிக்கும். சாணி எருக்குழிக்குப் போவும். எரு வயலுக்குப் போவும். தூக்கிப் போட என்னடா இருந்துச்சு?" என்றார் அத்தை. எனக்குப் புல்லரித்தது. இதைத்தானே இப்போது சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைத்து மாநாடு போடுகிறார்கள்!

"செத்த மாட்டை என்ன பண்ணுவீங்க அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்குன்னு ஆள் இருந்தாங்க. அவங்க தெரு தனி" என்றார்.

ஆக, பழைய கிராமமும் சுலபமான கடனை மாட்டை வைத்து அடைத்தது. கஷ்டமான கடனை ஒரு ஜாதியின் தலையில் எழுதி, அவர்களை ஊருக்கு வெளியே குடி வைத்தது. நாற்றம் நமக்கு, வேலை அவர்களுக்கு. இன்றைக்குத் தலைப்பில் ரத்தம் துடைத்த அந்த அம்மா எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நாம் யாரும் கேட்பதில்லை. பதில் தெரியும் என்பதால்.

இதே சுத்துக்கேணியில் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருந்தன. அரிக்கமேட்டைத் தோண்டிய பிரெஞ்சு தொல்லியலாளர் கசால் இங்கேயும் தோண்டி, 1956-ல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மனிதர்கள் தாங்கள் நேசித்தவர்களையும், அவர்களுக்குப் பிரியமான மண்பாண்டங்களையும் மண்ணில் பத்திரப்படுத்தினார்கள். நாம் பார்க்கப் பிடிக்காததை மண்ணில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். இன்னும் ஆயிரம் வருடம் கழித்து நம்மைத் தோண்டுகிறவர், முடிச்சு அவிழாத கவரை வைத்து நம் குணத்தை எழுதப் போகிறார்.

* * *

திரும்ப அந்த நாலு வாளிக்கு வருகிறேன். அதைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்ட ஒரு விஷயம், என் கணக்கையே புரட்டிப் போட்டது.

ஒரு சாக்கடைத் தண்ணீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று அளக்க ஒரு சோதனை உண்டு. நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் கேட்கின்றன என்று பார்ப்பார்கள். ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்கு 27 டிகிரியில் மூன்று நாள். கொரியாவில் ப்யுங் ஹாங் கிம் என்ற விஞ்ஞானியின் குழு, இந்த நுண்ணுயிர் மின்கலத்தையே அழுக்கு அளக்கும் கருவியாக மாற்றியது. அழுக்கு அதிகமா, கரண்ட் அதிகம். அழுக்கைத் தின்று தீர்த்துவிட்டதா, கரண்ட் இறங்கிவிடும். நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

'கஞ்சி ஊத்துனா ஏறுது, பட்டினி போட்டா எறங்கிடுது' என்றாளே, அதேதான்! ஒரு விஞ்ஞானி கண்டதை அந்தப் பெண்ணும் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். எங்களுக்குத்தான் காது கேட்கவில்லை. நாங்கள் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது கணக்கைத் திருத்தி எழுதுகிறேன். மீட்டர் காட்டிய அந்த அரை வோல்ட் வருமானம் அல்ல. அது ரசீது. 'உங்கள் கஞ்சி எங்களுக்கு வந்து சேர்ந்தது, செரித்துக்கொண்டிருக்கிறோம், இவ்வளவு அழுக்கு தீர்ந்தது' என்று கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் எழுதிக் கொடுக்கிற ரசீது. கடனை அடைத்தவனுக்குக் கிடைப்பது லாபம் இல்லை, ரசீதுதான். ரசீதை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் அரிசி வாங்க முடியாது என்பதற்காக யாராவது கிழித்துப் போடுவார்களா?

நாளைக்கே விஞ்ஞானிகள் இந்த மின்கலத்தைப் பத்து மடங்கு, நூறு மடங்கு வலுவாக்கலாம். ஆக்கட்டும், சந்தோஷம். வீட்டுக்கு வீடு சாக்கடைத் தொட்டியில் விளக்கு எரியட்டும். நான் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால், அது எரிகிற வரை நம் கடமை தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 'டெக்னாலஜி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்பது படித்தவர்கள் சொல்லும் வாய்தா. கடன்காரனின் பழைய வசனம்தான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருகிறது.

சுத்துக்கேணிக்கு போன் செய்து மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். "எழுதுறவன் நீ, எப்படி வேணாலும் திருப்பிப் பேசுவே" என்று சிரித்தான். பிறகு, "வாளியைக் கொட்டலை. மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நகர்த்தி வச்சிருக்கோம். தினம் கஞ்சி ஊத்த மறந்தா அவ சாப்பிட மாட்டேங்குறா" என்றான். கண்காட்சியில் பரிசு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

நான் வாளி, ஒயர் எல்லாம் வைக்கவில்லை. மொட்டை மாடியில் ஓட்டை போட்ட மண்பானை இரண்டு. காய்ந்த இலை, காய்கறித் தோல், மேலே கொஞ்சம் பழைய எரு. முதல் மாதம் நாற்றம். இரண்டாவது மாதம் புழு. மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் மழை பெய்த மண் வாசனை வந்தது. வீட்டில் ஒரு பல்புகூடக் கூடுதலாக எரியவில்லை. மின்சார பில்லில் ஒரு ரூபாய் குறையவில்லை. கண்ணாடிச் சில்லுக்குத் தனி டப்பா, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணாடி'.

போன வாரம் குப்பை வண்டி வந்தது. அதே அம்மா. உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பையை வாங்கியவர், ஒரு நிமிடம் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சார், ஊருக்குப் போயிருந்தீங்களா? பை இவ்ளோ லேசா இருக்கு?" என்றார்.

எனக்கு ரசீது வந்துவிட்டது.